நடுக்கம் மட்டும்தானா பார்க்கின்சன்?



1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் முஹம்மது அலி தீபம் ஏற்றியபோது அவருடைய கை நடுங்கியதை டிவியில் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். பார்க்கின்சன் என்றால் நமக்கு அந்த நடுக்கம்தான். 1817-ல் இந்த நோயைப் பற்றி எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனே, அறிவுக்கு இதில் பாதிப்பு இல்லை என்றுதான் எழுதினார். அது சரியில்லை என்று பிறகு தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் அல்ல, ஆனால் பலருக்கு வருஷம் போகப் போக யோசனையும் தடுமாறுகிறது.

இது வீட்டில் சீக்கிரம் பிடிபடாது. ஏனென்றால் பேரன் பெயர், பழைய கதை, மனப்பாடமான சூரா எல்லாம் நினைவில் இருக்கும். ஒரு வேலையில் அடுத்து என்ன என்கிற வரிசைதான் குழம்பும். உளூ செய்ய உட்கார்ந்தவர் முகத்தைக் கழுவிவிட்டு அப்படியே இருப்பார். கடையில் மீதிச் சில்லறையை எண்ணத் திணறுவார். மாத்திரை போட்டோமா என்று தெரியாது. நாமோ, "அத்தாவுக்குச் சோம்பல், வேண்டுமென்றே செய்கிறார்" என்கிறோம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள்.

சிலர் அறையில் ஏதோ குழந்தை நிற்கிறது என்பார்கள். உடனே ஜின் என்று தாயத்துக்கு அலைகிறோம். ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. டாக்டரிடம் சொல்லாமல் மறைக்காதீர்கள் என்கிறேன். அது நோயாலும் வரும், மாத்திரையாலும் வரும். நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் வயதானவர்களுக்குக் குழப்பத்தைக் கூட்டக்கூடியது. இரண்டொரு நாளில் திடீரென்று புத்தி தடுமாறினால் சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கலாம். சரியாகக்கூடியது அது.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். லெவோடோபாவைச் சட்டென்று விட்டால் உடம்பு இறுகிப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம். நோன்புக்காகப் பகல் மாத்திரையை விடுகிறவர்கள் உண்டு. ரமலானுக்கு முன்பே டாக்டரிடமும் ஹஜ்ரத்திடமும் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பெங்களூர் நிம்ஹான்ஸுக்கோ போகும்போது, தினமும் கூட இருப்பவரே உடன் போகவேண்டும். கூட இல்லாதவருக்கு இதெல்லாம் தெரியாமல் போகலாம்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சனும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பலர் இன்னும் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. ஆதார் அட்டை, சிகிச்சைச் சீட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். விண்ணப்பத்தை நாங்கள் நிரப்பித் தருகிறோம்.