பிரிவுத் துயரும் இறைவன் துணையும்



பிறந்தவர் அனைவரும் ஒருநாள் இறப்பர் என்பதைப் பள்ளிக்குச் செல்லாதவரும் அறிவர். ஆயினும் அந்தச் செய்தி நம் வீட்டு வாயிலுக்கே வந்து நிற்கும் நாளில், அதுவரை அறிந்த எதுவும் நமக்குக் கைகொடுப்பதில்லை. நாள்தோறும் கும்பிட்ட தெய்வத்தின் முன் நிற்பதற்கும் மனம் கூசுகிறது. 'கேட்டதைக் கொடாவிட்டாலும் இருந்ததை ஏன் எடுத்தாய்?' என்ற கேள்வி நெஞ்சை அறுக்கிறது. உங்களுள் சிலர் இக்கேள்வியை இந்த இளவயதிலேயே கேட்டிருப்பீர்கள். அவர்களை நினைந்தே இன்று பேசுகிறேன்.

எங்கள் வீடு குன்னூரில், ஒரு தேயிலைத் தோட்டத்துச் சரிவின் ஓரத்தில் இருந்தது. என் தங்கை 19 வயதில் காய்ச்சல் கண்டு, பத்தே நாளில் எங்களை விட்டு மறைந்தாள். அதன்பின் என் அன்னை மாடத்தில் விளக்கேற்றுவதை நிறுத்திவிட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் 'எல்லாம் விதி' என்றார்கள். 'நல்லவர்களை ஆண்டவன் விரைவில் அழைத்துக்கொள்கிறான்' என்றார்கள். அன்பினால் சொன்ன சொற்களே. ஆனால் அவை அன்னையின் மனத்தில் இறங்கவில்லை. ஒருநாள், எங்கள் குடும்பத்தோடு நெடுங்காலம் பழகிய தோடர் முதியவர் ஒருவர் வந்தார். வந்தவர் வெகுநேரம் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, தம் குலத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை ஒன்றைச் சொன்னார்.

தோடர்கள் நீலகிரியின் தொல்குடியினர். மேட்டுப் புல்வெளிகளில், மந்து எனப்படும் சிற்றூர்களில் வாழ்பவர்கள். எருமையே அவர்களுடைய செல்வம். பால் கடையும் மனையே அவர்களுடைய கோயில். அவர்களுடைய பெருந்தெய்வங்களுள் ஒருவன் ஓன். அவன் மண்ணிலிருந்து எருமைகளை வெளிப்படுத்தியபோது, கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு முதல் மனிதன் வந்தான் என்பர். அந்த ஓனுக்கு பூவ் என்று ஒரு மகன் இருந்தான். ஒருநாள் அவன் கைமோதிரம் நீரில் நழுவி விழுந்தது. அதை எடுக்க இறங்கியவன் நீரில் மூழ்கி இறந்தான். இறந்தோர் உலகமாகிய அம்நோரைச் சேர்ந்தான். மகனை அங்கே தனியே இருக்கவிட ஓனுக்கு மனம் வரவில்லை. எல்லா உயிர்களிடமும் விடைபெற்றுக்கொண்டு, அவனும் அந்த உலகத்துக்கே போய்விட்டான். அன்றுமுதல் இறந்தோர் உலகை ஆள்பவன் அவனே. இவ்வுலகைக் காக்கும் பொறுப்பு தேகிர்ஸி என்னும் பெண்தெய்வத்தைச் சேர்ந்தது.

இதைக் கேட்ட என் அன்னை, "சாமிக்கே பிள்ளை போயிற்றா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். முதியவர் தலையசைத்தார். அத்தனை நாளும் வராத அழுகை அன்று அவருக்கு வந்தது. சில நாட்களுக்குப் பின் மாடத்தில் மீண்டும் விளக்கு எரிந்தது.

அக்கதையில் அப்படி என்ன இருக்கிறது என்று நான் பலகாலம் எண்ணிப் பார்த்ததுண்டு. மரணம் ஏன் வந்தது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. தெய்வத்தின் மகனும் இறந்தான். தெய்வத்தாலும் அவனை மீட்க முடியவில்லை. ஆனால் நாம் இழந்தவர் யாருமற்ற இடத்துக்குப் போகவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தந்தை காத்திருக்கும் இடத்துக்கே போயிருக்கிறார் என்று அக்கதை சொல்கிறது. அம்நோர் மேற்குத் திசையில் உள்ளதாம். இதே கதிரவன்தான் அங்கும் ஒளி தருகிறானாம். இங்கே இருள் சூழும்போது அங்கே பகல். உதகையின் மலைமுகடுகளில் மாலைக் கதிரவன் இறங்கும் வேளையில், இந்த எண்ணம் எத்தனை தோடர்த் தாய்மாரைத் தேற்றியிருக்கும்!

இந்நம்பிக்கை உடையவர்கள் அழாமல் இருந்துவிட்டார்கள் என்று எண்ணவேண்டா. ரிவர்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் 1901, 1902 ஆம் ஆண்டுகளில் நீலகிரியில் தங்கி, தோடரின் வாழ்வை ஆராய்ந்து, 1906இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். இழவு வீட்டில் இருவர் இருவராக அமர்ந்து, நெற்றியோடு நெற்றி சேர்த்து அழும் தோடர் வழக்கத்தை அதில் விவரித்துள்ளார். யாரும் தனியே அழுவதில்லை. ஒருவர் துயரத்தை மற்றொருவர் நெற்றி தாங்குகிறது. இறந்தவருடைய வாழ்வைச் சொல்லிப் புதுப்பாட்டுக் கட்டுவதும் அவர்கள் மரபு. எமனோ என்னும் மொழியறிஞர் அத்தகைய பாடல்களை 1930களில் கேட்டு எழுதி, 1971இல் நூலாக்கினார்.

இதே ரிவர்ஸ், முதல் உலகப் போரின்போது ஸ்காட்லாந்திலுள்ள ஒரு படை மருத்துவமனையில் மனம் கலங்கிய வீரர்களுக்கு மருத்துவம் செய்தார். தோழர்களைக் கண்முன் இழந்து, உறக்கமற்றுத் தவித்த இளைஞர்கள் அவர்கள். 'நினையாதே, மறந்துவிடு' என்பதே அக்காலத்தில் பலர் அவர்களுக்குச் சொன்ன அறிவுரை. துயரத்தை உள்ளே புதைத்தால் அது நோயாகும். அதனை நினைந்து, எடுத்துப் பேசவேண்டும் என்று ரிவர்ஸ் 1917இல் மருத்துவர் அவையில் எடுத்துரைத்தார். ஆதலால் நண்பர்களே, அழுவது பக்திக் குறைவும் அன்று, கோழைமையும் அன்று.

அழுது தீர்ந்தபின் மறுநாள் பொழுது விடிகிறதே, அன்று என்ன செய்வது? இதற்கு விடை காண மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கித் திருவாமூர் வரை என்னோடு வாருங்கள். சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறும் திலகவதியார் பிறந்த ஊர் அது. அவருடைய தந்தை புகழனார் இறந்தார். தாய் மாதினியாரும் உடன் சென்றார். திலகவதியாரை மணக்க இருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். தாமும் உயிர்விடத் துணிந்த அப்பெண்ணின் காலில் விழுந்து, 'அக்கா, நீயும் போனால் நான் உனக்கு முன்னே போவேன்' என்று தம்பி கதறினார். அவருக்காகவே திலகவதியார் உயிரோடு இருக்க இசைந்தார்.

பின்னர்த் திருவதிகைக் கோயிலை அடைந்தார். அங்கே வாயில் கூட்டினார், தரை மெழுகினார், பூப்பறித்து மாலை தொடுத்தார். எளிய வேலைகளே. ஆனால் ஒவ்வொரு விடியலிலும் எழுந்து நிற்க அவருக்கு ஒரு காரணம் கிடைத்தது. வழிமாறிப் போயிருந்த தம்பி சூலைநோயால் துடித்து வந்தபோது, திருநீறு அளித்து ஆற்றுப்படுத்தும் வலிமையும் அவரிடம் இருந்தது. அந்தத் தம்பியே நாம் போற்றும் திருநாவுக்கரசர்.

மலைமேல் ஒரு குலத்தின் கதை. சமவெளியில் ஒரு பெண்ணின் வாழ்வு. இரண்டிலும் இறைவன் துயரத்தை நீக்கிக் காட்டவில்லை. துயரப்படுவோரின் பக்கத்தில் வந்து அமர்கிறான். சில வேளை ஒரு கதையாக வருகிறான். சில வேளை நம் நெற்றியைத் தாங்கும் இன்னொரு நெற்றியாக வருகிறான். 'நீ போகாதே' என்று காலைப் பிடிக்கும் தம்பியாகவும் வருகிறான்.

உங்கள் வகுப்பில் தந்தையையோ தாயையோ இழந்து திரும்பிவரும் தோழன் ஒருவன் இருக்கலாம். அவனிடம் விதியைப் பற்றி விளக்கம் கூறவேண்டா. அவன் அருகில் உட்காருங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேச அவனுக்கு இடம் கொடுங்கள். தவறவிட்ட பாடங்களை எழுதிக் கொடுங்கள். இழந்தவர் நீங்களாகவே இருந்தால், கடவுளிடம் கோபித்துக்கொள்ளவும் தயங்க வேண்டா. கோபிக்கும் பிள்ளை இன்னும் தந்தையோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறது.