கணினியும் மாகாணிக் கணக்கும்



கணினி கணக்கில் தப்பே செய்யாது என்று நம்மில் பலர் நம்பிக் கொண்டிருக்கிறோம். பைத்தான் என்னும் கணினி மொழியில் 0.1-ஐ மூன்று தரம் கூட்டச் சொல்லிப் பாருங்கள். 0.30000000000000004 என்று விடை வரும்! பத்துக் காசை மூன்று தரம் கூட்டினால் முப்பது காசு என்று நம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடுமே!

காரணம் இதுதான். கணினிக்குத் தெரிந்தது பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி. அரை, கால், அரைக்கால், மாகாணி இவற்றை இம்மியும் பிசகாமல் வைத்துக்கொள்ளும். நம் முன்னோர் கணக்கில் மா என்பது 1/20, காணி என்பது 1/80. இரண்டும் சேர்ந்தால் மாகாணி, 1/16. வேடிக்கை என்னவென்றால், மாகாணியைச் சரியாக எழுதும் கணினி, மாவையும் காணியையும் தனித்தனியே எழுதத் தடுமாறும். கீழே இருக்கும் எண்ணில் ஐந்து கலந்திருப்பதுதான் வினை. பத்தில் ஒன்றுக்கும் அதே கதி. எழுத எழுத முடியாது. ஓரிடத்தில் வெட்டியே தீரவேண்டும்.

வெட்டினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பீர்கள். 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். எதிரி ஏவுகணையை வானிலேயே அடித்து வீழ்த்த, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கர்கள் பேட்ரியட் என்ற கருவியை வைத்திருந்தார்கள். அதன் கடிகாரம் பத்தில் ஒரு வினாடியாக நேரத்தை எண்ணியது. அந்தப் பத்தில் ஒன்றை வெட்டித்தான் வைத்திருந்தார்கள். சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் 0.34 வினாடி பிசகிவிட்டது. அந்த நேரத்தில் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். கருவி தவறான இடத்தில் தேடியது. 28 வீரர்கள் மாண்டார்கள்.

பின்னத்தைப் பின்னமாகவே, மேலே ஓர் எண் கீழே ஓர் எண் என்று வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. காமன் லிஸ்ப் என்ற மொழியில் ஒன்றை மூன்றால் வகுத்தால் 1/3 என்றே விடை வரும். பைத்தானில் 2008 முதல் ஃபிராக்‌ஷன் என்ற வசதி உண்டு. ஆனால் அதற்கு ஒன்று, பத்து என இரண்டு எண்களாகக் கொடுப்பது நல்லது, 0.1 என்ற எண்ணாகக் கொடுத்தால் வெட்டுப்பட்ட எண்தான் உள்ளே போகும்.

இதிலும் ஒரு சங்கடம். பின்னங்களைக் கூட்டக் கூட்ட எண்கள் ஊதிக்கொண்டே போகும். ஒன்று முதல் 1/10 வரை கூட்டினாலே 7381/2520! கணினியின் ஒரு பெட்டியில் அடங்குவது 64 இலக்கம், அதுவும் ஒன்றும் பூஜ்யமும்தான். மேடையில் 20 பிள்ளைகளை எத்தனை விதமாய் வரிசையில் நிறுத்தலாம் என்ற விடை அதில் அடங்கும். 21-ஆவது பிள்ளை வந்து நின்றால் அடங்காது. சில மொழிகள் சத்தமில்லாமல் தப்பான எண்ணைத் தந்துவிடும். பைத்தானோ பெட்டிக்குப் பக்கத்தில் பெட்டியாய் அடுக்கிக்கொண்டே போகும். வேலை கொஞ்சம் மெதுவாகும், விடை சரியாக இருக்கும்.

பெற்றோர்களே, சம்பளக் கணக்கில் வெள்ளியைப் புள்ளி போட்டு வைக்காமல், எல்லாவற்றையும் காசாக்கி முழு எண்ணாக வைப்பது நல்ல வழக்கம். காசுக்குக் கீழே துண்டு விழுந்தால் அதை யார் பக்கம் சேர்ப்பது? அதைக் கணினி தானாக முடிவு செய்யாது, ஆள்தான் சொல்லவேண்டும்.

மாணவர்களே, பள்ளிக் கணினியில் 0.1-ஐப் பத்துத் தரம் கூட்டிப் பாருங்கள். பிறகு ஃபிராக்‌ஷனில் 1/10-ஐப் பத்துத் தரம் கூட்டிப் பாருங்கள். எதில் ஒன்று வருகிறது என்று உங்கள் ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள்.