நடக்கத் தெரு எங்கே?

தோழர்களே, வயசானவங்க நடக்கணும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்கணும், தடுமாறி விழாமலிருக்கத் தனிப் பயிற்சியும் வேணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டி. சரி. ஆனா நடக்காதவங்களைச் சோம்பேறின்னு பேசுகிற பேச்சு இருக்கே, அதோடுதான் நமக்குச் சண்டை.

கூவம் கரையில் இருந்தவரை எங்க பெரியம்மாவுக்கு வாக்கிங் என்ற சொல்லே தெரியாது. விடியுமுன் குழாயடி, அப்புறம் நாலு வீட்டுப் பாத்திரம், திரும்பும்போது மீன் கடை, ரேஷன் கடை, சாயங்காலம் தங்கச்சி வீட்டு வாசல். கணக்குப் போட்டா தினம் மூணு மைல் தேறும். இதைக் கொண்டாட வரவில்லை, பாதிக்கு மேல் உழைப்புச் சுரண்டல். ஆனா போக இடமிருந்தது, வழியில தெரிஞ்ச முகமிருந்தது.

கண்ணகி நகர் 2000-ல் வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்து எட்டு அடுக்குக் கட்டடங்களுக்கு அனுப்பினார்கள். ஊருக்கு வெளியே சேரி வைக்கிற பழைய வேலைதான், மாடி வைத்துச் செய்கிறார்கள். இதுபோல இன்னொரு குடியிருப்பில் பெரியம்மாவுக்கு ஆறாவது மாடி. லிப்ட் நின்னா இறங்கமாட்டாங்க. இறங்கினாலும் வேலை செஞ்ச வீடுகள் ரெண்டு பஸ் தூரம். கீழே சாக்கடைத் தண்ணி, நாய், இருட்டு. பொதுக் கழிப்பறை இல்லாத தெருவில சர்க்கரை வியாதி உள்ள பொம்பளைங்க அரைமணி நேரம் எப்படி நடப்பாங்க? "தினம் நடங்கம்மா"ன்னு ஒரு டாக்டர் சொல்லி அனுப்பினார். "யாரைப் பாக்கடா நடக்கறது?"ன்னு என்னைக் கேட்டாங்க.

இதே சென்னையில் 2019-ல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தி, உட்காரவும் இடம் வைத்தார்கள். நானும் போய் நடந்தேன், நல்லாத்தான் இருந்தது. முட்டி வலிக்காரர் நாலெட்டு வைத்து உட்கார்ந்து எழுந்து போகலாம். செய்யத் தெரியாமல் இல்லை, யாருக்குச் செய்வது என்பதில்தான் சாதி நுழைகிறது. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கவே 1924-ல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்த நாடு இது.

மாணவத் தோழர்கள் குடியிருப்புகளுக்குக் கணக்கெடுக்கப் போறீங்க. வருமானத்தோடு இதையும் கேளுங்க: வீட்டுல பெரியவங்க எந்த மாடி? கடைசியா எப்ப கீழே இறங்கினாங்க, எதுக்கு? பதிலை அவங்க சொன்ன மாதிரியே எழுதிக்கிட்டு வாங்க. கீழ்த்தள வீடு, படியில கைப்பிடி, தெருவிளக்கு, கழிப்பறை கேட்டுப் போடுற மனுவோட அந்தத் தாள்களையும் சேர்த்துக் கொடுக்கணும்.