தம்பூராவுக்கு அடியில் ஒரு முனகல்



பத்தாம் ஆண்டு விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, யாப்பைப் பற்றியோ புதுக்கவிதையைப் பற்றியோ நான் பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவற்றைப் பேச என்னிலும் தகுதியுடையோர் இந்த அவையில் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். நான் பேசப்போவது ஒரு ரெக்கார்டு பிளேயரில் எழுந்த இரைச்சலைப் பற்றி. அதைத் தேடியலைந்த கதையில் நம் வட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. நான் செய்த பிழை ஒன்றும் உண்டு.

நம் தொடக்க ஆண்டுகளில், கூட்டம் முடிந்ததும் நம்மில் நாலைந்து பேரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று, காபி கொடுத்து, எல்.பி. இசைத்தட்டுகளைக் கேட்கச் செய்த மூத்த உறுப்பினரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர் மறைந்து சில மாதங்கள் கழிந்தபின் அவருடைய துணைவியார் என்னை அழைத்தார். “தட்டை எடுத்து வைக்க இப்போ கை நடுங்குது, தம்பி. அவர் தினமும் கேட்ட அந்த ஒரு தட்டை மட்டும் கம்ப்யூட்டர்ல ஏத்திக் கொடுத்தாப் போதும்” என்றார். தட்டையும் கருவியையும் ஆம்ப்ளிபயரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

ஊசி தட்டில் இறங்கியதுமே ஸ்பீக்கரிலிருந்து ‘ம்ம்ம்’ என்ற முனகல் எழுந்தது. ஊசியைத் தூக்கி அதன் தாங்கியில் வைத்தால் அமைதி. இறக்கினால் மீண்டும் முனகல். ஆகவே குற்றம் தட்டினுடையது என்று முடிவுகட்டினேன். பழைய தட்டு, எத்தனையோ முறை தேய்ந்தது, இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். இரைச்சலை நீக்கும் மென்பொருள்கள் இன்று எளிதில் கிடைக்கின்றன. இரைச்சல் மட்டும் ஒலிக்கும் ஒரு சிறு பகுதியை அதற்கு எடுத்துக்காட்டினால், அதைப் போன்றதையெல்லாம் தட்டு முழுவதிலுமிருந்து அது துடைத்துவிடும். பாட்டு தொடங்குமுன் உள்ள சில வினாடிகளை எடுத்துக் காட்டினேன். துடைத்தது. முனகல் போயிற்று. குரல் கண்ணாடிபோல் துலங்கியது என்றே நம்பினேன்.

அம்மையார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆலாபனை பாதி வருமுன் கண்ணைத் திறந்தார். “பாட்டு இருக்கு. தம்பூரா எங்கே, தம்பி?” என்றார்.

அவர் இளமையில் வீட்டு அப்பியாசத்தின்போது கணவருக்காகத் தம்பூரா மீட்டியவர். எனக்குக் கேட்காதது அவருக்குக் கேட்டது. இல்லை, எனக்குக் கேட்டது அவருக்குக் கேட்கவில்லை. நான் இரைச்சல் என்று எடுத்துக்காட்டிய அந்த வினாடிகளில் தம்பூரா மெல்ல ஒலிக்கத் தொடங்கியிருந்தது. முனகலுக்குள் அது ஒளிந்திருந்ததால் நான் பிரித்தறியவில்லை. கணினி என் சொல்லைத் தட்டாமல் இரண்டையும் சேர்த்தே துடைத்துவிட்டது.

இது எப்படி நேர்ந்தது என்று பின்னர் கணக்குப் பார்த்தேன். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. அதனால் எழும் முனகலில் 50 அதிர்வும் அதன் மடங்குகளான 100, 150 அதிர்வுகளும் இருக்கும். வீட்டு ஸ்பீக்கரில் 50 அவ்வளவாகக் கேட்பதில்லை. காதில் விழுவது பெரும்பாலும் 100. இனி நம் சுருதிக்கு வருவோம். அந்தத் தட்டில் பாடியவருக்கு ஒரு கட்டைச் சுருதி. ஒரு கட்டையில் ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 131 அதிர்வு. தம்பூராவின் மந்தர பஞ்சமத் தந்தி 98. ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலை எடுத்துக்கொண்டாலும் தப்பிக்க வழியில்லை: அங்கே மந்தர ஷட்ஜமே 98 ஆகிவிடுகிறது. 98-உம் 100-உம் சேர்ந்தால் வினாடிக்கு இரண்டு முறை ஏறித் தாழும் ஓர் அலைவு பிறக்கும். குதிரையின்மேல் நூல் செருகித் தம்பூராவில் நாம் வரவழைக்கும் மினுக்கத்தோடு அது கலந்துவிட்டால், முனகல் என்றே தோன்றாது. நம் சங்கீதத்துக்கென்றே செய்துவைத்ததுபோன்ற இரைச்சல்!

ஆகவே துடைப்பதை விட்டுவிட்டு, எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் என் முடிவையே சோதித்தேன். கருவியின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டேன். ஆம்ப்ளிபயர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அசையாமல் கிடந்த தட்டின்மேல் ஊசியைக் கையால் இறக்கினேன். முனகல் அப்படியே கேட்டது. சுழலாத தட்டு பாடவும் செய்யாது, முனகவும் செய்யாது. பாவம், அந்தத் தட்டின்மேல் எத்தனை வீண்பழி! அப்படியானால் ஊசியைத் தூக்கிவைத்தபோது அமைதி எப்படி வந்தது? தானியங்கிக் கருவிகள் பலவற்றில், ஊசி இறங்கும்வரை ஒலி வெளியே வராமல் அடைத்துவைக்கும் சிறு சுவிட்ச் ஒன்று உள்ளே இருக்கிறது. ஊசி இறங்கும் ‘டொக்’ ஒலி கேட்காமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. அந்த உபகாரந்தான் என்னை ஏமாற்றியது.

இந்தக் கருவிகள் முனகலுக்கு இவ்வளவு எளிதில் இடங்கொடுப்பதற்குக் காரணம் உண்டு. ஊசியின் தலைப்பகுதியில், அதாவது கார்ட்ரிட்ஜில், பிறக்கும் மின்னழுத்தம் சுமார் 5 மில்லிவோல்ட். சுவரில் இருப்பது 230 வோல்ட், நாற்பத்தாறாயிரம் மடங்கு. அத்துடன், தாழ்ந்த சுரங்களை முழு அளவில் பதித்தால் தட்டின் பள்ளம் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் என்பதால், பதிக்கும்போது அவற்றைக் குறைத்தும், கேட்கும்போது அதே அளவு உயர்த்தியும் ஈடுசெய்கிறார்கள். 1954-இல் அமெரிக்காவில் வகுத்த அந்த அளவுமுறையே பின்னர் உலகெங்கும் நிலைத்தது. அதன்படி 50 அதிர்வுள்ள ஒலி, நடு ஒலியைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு கூடுதலாக உயர்த்தப்படுகிறது. பாட்டின் அடிச்சுரத்துக்குச் செய்யும் மரியாதை முனகலுக்கும் சேர்ந்தே கிடைத்துவிடுகிறது.

அடுத்து, ஊசி தாங்கும் உலோகக் கையை விரலால் தொட்டேன். முனகல் பாதியாயிற்று. இது நல்ல அறிகுறி. என் உடம்பு செய்த வேலையை ஒரு கம்பி செய்ய வேண்டும். அது செய்யவில்லை என்று பொருள். கருவியிலிருந்து ஆம்ப்ளிபயருக்கு வரும் மெல்லிய எர்த் கம்பியைப் பார்த்தேன். திருகின் அடியில் ஒழுங்காகத்தான் பொருந்தியிருந்தது. துடைத்து மீண்டும் முறுக்கினேன், பயனில்லை. இரண்டு மாலைகள் வேறெங்கெங்கோ தேடிய பிறகு, மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே கம்பி அற்றுப்போயிருந்தது. உறை மட்டும் அதைச் சேர்த்துப் பிடித்திருந்தது. புதுக் கம்பி இட்டதும் முனகலின் பெரும்பகுதி ஒடுங்கிற்று.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. முனகலைப் போக்க மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையையே நீக்கிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. முனகல் சில வேளை போகலாம். கருவிக்குள் மின்கசிவு ஏற்பட்டால் தொடுகிறவரின் உயிரும் போகலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எஞ்சியது சிறிது சிறிதாக அகன்றது. ஊசி தட்டின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர நகர முனகல் கூடியது. இடப்பக்கத்தில் ஆம்ப்ளிபயர், அதனுள் டிரான்ஸ்பார்மர். அதன் காந்தப்புலத்தை நோக்கி ஊசி நாள்தோறும் யாத்திரை செய்துகொண்டிருந்திருக்கிறது. ஆம்ப்ளிபயரைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினேன். மடிக்கணினியின் சார்ஜரைச் செருகினால் வேறொரு முனகல். எர்த் இரண்டு வழியாகப் போய் வளையமாகிவிட்டது. பேட்டரியில் ஓடவிட்டதும் நின்றது. ‘ஜ்ர்ர்’ என்று அரைத்த ஓசைக்குக் காரணம், சுவரில் புதிதாகப் பொருத்திய மின்விசிறி ரெகுலேட்டர். அது மின்சார அலையை வினாடிக்கு நூறு தரம் நறுக்கி அனுப்புகிறது. பழைய பெட்டி ரெகுலேட்டர் சூடேறும், இடத்தை அடைக்கும். ஆனால் இப்படிச் சத்தமிடாது. சித்திரை மாதத்தில் விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்கத்தான் அந்தத் தட்டை மறுபடி பதிவு செய்தேன்.

இன்னொன்று சொல்ல மறந்தேன். ஒலியைக் கூட்டினால் ‘ஊ’ என்ற ஊளை ஒன்று வந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரும் கருவியும் ஒரே அலமாரிமேல் இருந்ததால், ஸ்பீக்கரின் அதிர்வு பலகை வழியே ஊசிக்கு ஏறி, ஊசியிலிருந்து மீண்டும் ஸ்பீக்கருக்குப் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரைத் தரையில் இறக்கியதோடு அது தீர்ந்தது.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது: சரணத்தில் ஓரிடத்தில் ‘டிக், டிக்’ என்று ஓர் ஓசை. கடிகாரம் வைத்துப் பார்த்தேன், 1.8 வினாடிக்கு ஒரு முறை. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் அது. எனவே இது மின்சாரத்தின் வேலையன்று. தட்டிலேயே உள்ள கீறல். இதை மென்பொருளால் நீக்குவது எளிது. தம்பூராவுக்கும் ஊறு நேராது. ஆயினும் ஒருமுறை சூடுபட்டவன் ஆகையால், கேட்காமல் கைவைக்க மனம் வரவில்லை. நீக்காமலே எடுத்துச் சென்றேன்.

அம்மையார் இம்முறையும் கண்ணை மூடிக்கொண்டார். தம்பூரா வந்ததும் வலக்கை விரல்கள் மடியில் தாமாகவே மீட்டத் தொடங்கின. சரணத்தில் ‘டிக், டிக்’ வந்தது. நான் மெல்ல, “அம்மா, இதை எடுத்துவிடட்டுமா?” என்றேன்.

“வேண்டாம். அது அவர் கண்ணாடி போடாம ஊசியை வச்ச அன்னைக்கு விழுந்தது. அப்புறம் ரெண்டு நாள் என்னோடு பேசலை, நான்தான் அவசரப்படுத்தினேன்னு” என்றார்.

அப்படியே விட்டுவிட்டேன். தட்டும் கருவியும் மீண்டும் அவர் வீட்டிலேயே இருக்கின்றன, புதிய எர்த் கம்பியோடு. உங்களில் எவர் வீட்டிலேனும் இத்தகைய கருவி முனகிக்கொண்டு கிடந்தால் சொல்லியனுப்புங்கள், மல்ட்டிமீட்டருடன் வருகிறேன்.