கிராமும் மார்க்கும்

கம்ப்யூட்டரிலோ கைபேசியிலோ பிரவுசரைத் திறந்து, பதிவும் கணக்கும் பார்த்துக்கொள்ளக்கூடிய வலைச்செயலி ஒன்றை ஃபங்ஷனல் புரோகிராமிங் என்னும் முறையிலே எழுதக் கற்றுக்கொள்வதைப் பற்றிக் கண்ணமங்கலத்திலிருந்து ஒருவன் பேச வந்திருக்கிறானே, ஆரணிப் பட்டுச் சீமைக்கும் இந்த வித்தைக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். சம்பந்தம் உண்டு, அது பட்டு நூலையும் ஜரிகையையும் நிறுக்கிற இடத்தில் இருக்கிறது.

அங்கே போவதற்கு முன் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், தமிழ்நாடு அரசின் பாடநூலை எடுத்து முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஃபங்ஷன் எனப்படும் செயற்கூறுதான் அதன் விஷயம். கொடுத்த மதிப்பு மாறாதவரை விடையும் மாறக்கூடாது, தனக்கு வெளியே உள்ள எதையும் தொட்டுக் கலைக்கவும் கூடாது என்று தூய செயற்கூறின் லட்சணம் அங்கே விளக்கப்பட்டிருக்கிறது. பரீட்சைக்காக மனனம் செய்யப்பட்டுப் பரீட்சையோடு மறக்கப்படும் அந்தச் சில வரிகளையே அஸ்திவாரமாகக் கொண்டு எழுந்த பாஷைதான் ஹாஸ்கெல். தர்க்க சாஸ்திர நிபுணரான ஹாஸ்கெல் கரியின் பெயரைத் தாங்கிய அந்தப் பாஷையின் முதல் வரையறை 1990-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சென்னையை அடுத்த சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் பேராசிரியர்கள் மாதவன் முகுந்த், எஸ்.பி. சுரேஷ் ஆகிய இருவரும் என்பிடெல் என்னும் இணையவழிக் கல்வித் திட்டத்தின் மூலமாக இந்தப் பாஷையை எட்டு வாரப் பாடமாகவே நடத்தியிருக்கிறார்கள். காசு செலவில்லாமல் வீட்டிலிருந்தபடியே கேட்கலாம். நகரத்துக் கல்லூரிக்குப் போக வசதியில்லாத ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பாஷை கைவந்தபின் வலைச்செயலி கட்டுவதற்கு ஒரு சட்டகம் வேண்டும். ஹாஸ்கெலில் அப்படிப்பட்டவை பல உண்டு. நான் கற்பிப்பது மைக்கேல் ஸ்னாய்மன் என்பவர் தொடங்கி, 2012-இல் முதல் முழுப் பதிப்பாக வெளிவந்த யெசோத். பக்கங்களின் முகவரி, விண்ணப்பப் படிவம், தகவல் தளம், உள்நுழைவு என்று அதில் கற்க வேண்டிய படிகள் பல இருக்கின்றன. ஆனால், நேயர்களே, இவை எல்லாவற்றுக்கும் ஊடாக ஓடுகின்ற ஒரே தத்துவம் என் மனத்தை வெகுகாலமாக ஆட்கொண்டிருப்பதால், இன்றைய நேரத்தின் பெரும் பகுதியை அதற்கே கொடுத்துவிடப் போகிறேன். அதுதான், ஒரு மதிப்பு எந்த இனத்தைச் சேர்ந்தது என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் ‘டைப்’ எனப்படும் வகை.

என்னிடம் மாலை வேளைகளில் படிக்க வரும் இளைஞன் ஒருவன், ஒண்ணுபுரத்துப் பக்கம் தறிகளுக்குப் பாவும் பட்டும் கொடுத்துப் புடவை வாங்கும் மாஸ்டர் வீவரான தன் மாமாவுக்காக, ஒரு கணக்குச் செயலி எழுதத் தொடங்கினான். எந்தத் தறிக்கு எவ்வளவு சரக்குப் போயிற்று, புடவையாகத் திரும்பி வந்த எடை என்ன, சேதாரம் எவ்வளவு, கூலியில் பாக்கி என்ன என்று பார்ப்பதே அதன் காரியம். பட்டைக் கிராமில் நிறுப்பார்கள். ஜரிகையை மார்க்கில் சொல்வார்கள். தொழிலில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு மார்க் என்பது 242 கிராம். ஒரு தறிக்கு 600 கிராம் பட்டும் இரண்டு மார்க் ஜரிகையும் கொடுத்திருந்தால் மொத்தச் சரக்கு 1,084 கிராம். ஆனால், சாதாரணக் கணக்கு அட்டவணையிலே இரண்டு கட்டங்களை அப்படியே கூட்டச் சொன்னால், 602 என்று அது தயக்கமில்லாமல் விடை தரும். அதற்கு எல்லாமே வெறும் எண்கள். அந்த விடையை நம்பிச் சேதாரம் பார்த்தால், திரும்பி வந்த எடை கொடுத்த எடையைவிட அதிகமாகத் தெரியும். அதனால் ஜரிகை தறியை விட்டுப் போனதே தெரியாமல் போகலாம்.

ஹாஸ்கெலிலோ, கிராம் என்பதை ஒரு வகையாகவும் மார்க் என்பதை வேறொரு வகையாகவும், வகைக்கு ஒரே வரியாக அவன் முன்கூட்டியே அறிவித்திருந்தான். இரண்டையும் கூட்டச் சொல்லி எழுதியவுடனே, நாம் எழுதுவதைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றுகிற கம்பைலர் மறுத்துவிட்டது. “சார், கூட்டல்தானே கேட்டேன், அதற்கு ஏன் இத்தனை வரி சிவப்பிலே எழுதுகிறது?” என்று அவன் கேட்டான். நான் பதில் சொல்லாமல், அந்தச் செய்தியை வரி வரியாக அவனையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். இங்கே கிராம் எதிர்பார்க்கப்படுகிறது, வந்திருப்பதோ மார்க் என்று அது சொல்கிறது எனப் புரிந்தபோது அவன் முகம் மாறியதைக் கண்டேன். மார்க்கைக் கிராமாக மாற்றும் சிறிய செயற்கூறு ஒன்றை எழுதி, அதன் வழியாக மட்டுமே இரண்டும் சேர முடியும்படி செய்தான். செயலி ஓடுவதற்கு முன்பே, மாமாவின் கண்ணில் படுவதற்கு முன்பே, அந்தப் பிழை இல்லாமற் போயிற்று.

இது சின்ன ஊரின் சின்னச் சங்கதி என்று எண்ணிவிடாதீர்கள். செவ்வாய்க் கிரகத்தின் வானிலையை ஆராய நாசா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்னும் விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று தொலைந்துபோனதற்குக் காரணம், உந்துவிசைக் கணக்கை ஒரு புரோகிராம் பவுண்டு அளவையிலே கொடுக்க, மற்றொன்று அதை நியூட்டன் அளவையென்று எடுத்துக்கொண்டதுதான். பெரும் பொருளும் பல விஞ்ஞானிகளின் உழைப்பும் வீணாவதற்கு அலகு தெரியாத ஓர் எண் போதுமாயிருந்தது.

யெசோத் செய்திருக்கும் அருமையான காரியம், இதே கண்டிப்பை வலைச்செயலியின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் கொண்டுபோனதுதான். பக்கத்தின் முகவரிகூட அதில் ஒரு வகை. இல்லாத பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால், பக்கம் இல்லை என்று வாடிக்கையாளர் காண நேருவதற்கு முன்பே கம்பைலர் நம்மிடம் சொல்லிவிடுகிறது. படிவத்திலே யாரேனும் பெயருக்குப் பதிலாக விஷமமான கட்டளையை எழுதிவைத்தாலும், பக்கத்தில் காட்டும்போது அது வெறும் எழுத்தாகவே காட்டப்படும், கட்டளையாக இயங்காது. ஒரு தறியின் கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புடவையின் எண்ணை வைத்தாலும் கம்பைலர் மறுத்துவிடும்.

இனி, தொடங்குகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: முதன்முறை யெசோத்தை நிறுவும்போது அதன் துணை நூலகங்களையெல்லாம் கம்பைல் செய்ய வெகு நேரம் பிடிக்கும்; பழைய லேப்டாப்பாயிருந்தால் இன்னும் அதிகம். கெட்டுப்போயிற்றென்று நிறுத்திவிடாமல் பொறுத்திருங்கள். தகவல் தளத்துக்கு ஆரம்பத்திலே எஸ்கியூலைட் என்னும் சிறிய தளமே போதும். சர்வரில் ஏற்றுவது, கடவுச்சொற்களைப் பாதுகாப்பது ஆகியவற்றைப் பற்றி இன்று பேச இயலவில்லை. எட்டு வாரப் பாடத்தை ஒழுங்காகக் கேட்டு, தினமும் சிறிதேனும் எழுதிப் பார்த்து, உங்கள் வீட்டுத் தொழிலின் கணக்கு ஒன்றையே முதல் அப்பியாசமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் தறிக்குழியருகே வளர்ந்த பிள்ளைகளில் சிலரேனும், கிராமும் மார்க்கும் கலந்துவிடாத அப்படியொரு கணக்கைத் தங்கள் கையாலேயே எழுதித் தங்கள் தெருவுக்குத் தருவார்கள் என்று நம்புகிறேன்.