வீட்டுத் தொட்டியில் முருகைக்கல்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

கனடாவில் இருக்கும் நம் தங்கை ஒருத்தி சென்ற மாதம் தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். இலேசில் சாகாத முருகைக்கல் எது? ஊருக்கு வரும்போது கற்பிட்டியில் இருந்து ஒரு சின்னத் துண்டு கொண்டுபோகலாமா?" என் பேச்சு அவளுக்கான பதில்தான்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் விஞ்ஞானக் கண்காட்சிக்காக, கடலுக்குப் போன மாமாவிடம் சொல்லி உயிருள்ள முருகைக்கல் ஒன்றை எடுப்பித்தேன். கடல்நீர் நிரப்பிய கண்ணாடிச் சாடியில் வைத்தேன். மறுநாள் சளிபோல் வழிந்தது. மூன்றாம் நாள் நாற்றம் தாங்க முடியவில்லை. கண்காட்சியன்று மிஞ்சியது வெள்ளைக் கூடு மட்டுமே. "எவ்வளவு வெள்ளை, எவ்வளவு வடிவு" என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்குப் பரிசும் கிடைத்தது.

அந்த வெண்மை சாவின் நிறம் என்று பின்னர்தான் படித்தேன். முருகைக்கல் என்பது சிறு உயிர்கள் கூடி வாழும் வீடு. அவற்றின் தசைக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, வெயிலில் உணவு சமைத்துக் கொடுக்கின்றன. நிறத்தின் பெரும்பங்கும் அவற்றால் வருவதே. கோடையின் வழக்கமான உச்சச் சூட்டைவிட நீர் ஒரு பாகை கூடிச் சில வாரம் நீடித்தாலே பாசிகள் வெளியேறிவிடும். முருகைக்கல் வெளிறி, பட்டினி கிடந்து சாகும்.

இனித் தங்கையின் முதற் கேள்வி. பூக்கோவாபோல் நெருங்கிக் கிளைக்கும் பொசிலோபோரா, கல் வகைகளுள் ஓரளவு தாக்குப்பிடிக்கக்கூடியது. ஆனாலும் புதுத் தொட்டியில் உடனே வைக்காதே. நீர் பக்குவப்படச் சில மாதங்கள் பொறு. சூடு 25, 26 பாகை செல்சியஸ். ஒரு கிலோ நீரில் உப்பு 35 கிராம். கல்சியம் ஒரு லீற்றரில் 400 முதல் 450 மில்லிகிராம். நல்ல வெளிச்சம், நல்ல நீரோட்டம். அளவு சற்று முன்பின் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். திடீர் மாற்றத்தைத்தான் தாங்காது. நீர் வற்றினால் நன்னீரையே ஊற்ற வேண்டும், உப்புநீரை அல்ல. நீர் போகும், உப்பு தங்கும் என்பதைப் புத்தளத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கல் வளர வளர நீரிலுள்ள கல்சியத்தையும் காரத்தையும் உறிஞ்சும். அதை அளந்து அளந்து ஈடுசெய்ய வேண்டும். கடல் கூலி கேளாமல் செய்யும் வேலையை நீ நாள்தோறும் செய்ய வேண்டும்.

இரண்டாம் கேள்விக்குப் பதில்: கூடாது. கல் முருகை இனங்களை நம் நாட்டுச் சட்டம் பாதுகாக்கிறது; நாடுவிட்டு நாடு கொண்டுபோவதைச் சர்வதேச உடன்படிக்கையும் கட்டுப்படுத்துகிறது. சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் முருகைத்தொடர் 1992இல் சரணாலயமாக்கப்பட்டது. பரப்பு 300 சதுர கிலோமீற்றருக்கு மேல். 1998இல் கடல் சூடேறியபோது அதன் ஆழமற்ற பகுதிகளில் முருகைக்கற்கள் ஏறக்குறைய முழுவதும் மடிந்தன. அடுத்த ஆண்டுகளில் மெல்ல மெல்லத் திரும்பி வந்தவற்றுள் பொசிலோபோராவும் மேசைபோல் விரியும் அக்ரோபோராவும் முக்கியமானவை. 2016இல் மீண்டும் சூடு, மீண்டும் அழிவு. இன்று அங்கே உயிரோடு நிற்கும் ஒவ்வொன்றும் விதைநெல். பஞ்சத்திலும் விதைநெல்லில் கை வைக்காத தாய்மாரின் பிள்ளைகள் நாம்.

ஆகவே தங்கச்சி, தொட்டியிலேயே வளர்ந்த முருகையின் துண்டைக் கேட்டு வாங்கு. விரல்நுனியளவு போதும், அது வளரும். உன்னுடையது பெருத்ததும் ஒடித்து இன்னொருவருக்குக் கொடு. ஊருக்கு வந்தால் படகில் போய்க் கடலில் பார். முருகையின்மேல் கால் வைக்காதே, நங்கூரம் போடவும் விடாதே.

என் பரிசுக்குரிய வெள்ளைக் கூடு இன்னும் நம் விஞ்ஞானகூட அலுமாரியில் இருக்கிறது. "அழகிய முருகைக்கல்" என்று அன்று நானே எழுதி ஒட்டிய சீட்டும் இருக்கிறது. "இறந்த முருகைக்கல்" என்று அதை மாற்றி எழுத அதிபரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.