சிறைக் கதவும் நம் வீட்டுக் கதவும்
(யூபிலி விழாக் கூட்டத்தில், பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் நிகழ்த்திய உரை)



யூபிலி என்றால் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் மட்டுமல்ல. லேவியராகமத்தின்படி அது விடுதலையின் ஆண்டு. அடிமைப்பட்டவன் தன் குடும்பத்திற்குத் திரும்பும் ஆண்டு. பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் 1958-ல் கிறிஸ்துமஸ் மறுநாள் ரோமாபுரிச் சிறைக்குச் சென்று கைதிகளைச் சந்தித்தார். அதே டிசம்பர் 26-ந் தேதி, 2024-ல், பாப்பரசர் பிரான்சிஸ் ரெபிபியா சிறையில் யூபிலியின் பரிசுத்த கதவைத் திறந்தார்.

சிறையில் கதவு திறந்தது. நம் கதவு?

நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் தண்டனை முடிந்து திரும்பினார். ஞாயிறு பூசைக்கு வந்தவர் வாசற்படியிலேயே நின்றார். உள்ளே அழைக்க நாம் ஒருவரும் எழவில்லை. மூன்றாம் ஞாயிறு அவர் வரவில்லை. தேடிச் சென்றோம். வாடகைக்கு வீடு இல்லை, வேலையும் இல்லை என்றார். வெட்கித் தலைகுனிந்தோம். பிறகு எங்களில் ஒருவர் தம் தச்சுப்பட்டறையில் வேலை கொடுத்தார். மற்றொருவர் வீட்டு முன்பணத்திற்குப் பொறுப்பேற்றார். இன்று நீங்கள் அமர்ந்திருக்கும் பெஞ்சுகளில் சில அவர் கைவேலை.

அவரால் துன்புற்ற குடும்பத்தின் கண்ணீரை நாம் மறக்கவில்லை. அவர்களையும் சந்தித்து வருகிறோம்.

சிலுவையில் நம் ஆண்டவர் மோட்சத்தை வாக்களித்தது ஒரு குற்றவாளிக்கே. ஆகவே, திரும்பி வருகிறவரிடம் பழைய குற்றத்தைக் கேளாமல், "சாப்பிட்டீர்களா?" என்று கேட்போமாக.